எங்கே போகிறது என்று எழுதும் கட்டம்

ஜூலை 14, திங்கள்

மழை வருவது போல இருந்தது, வரவில்லை. காலை ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. இரண்டும் எழுதி வைக்கிற அளவுக்குப் பெரிய விஷயமில்லை. நான் நோட்டைத் திறந்தது வேறொன்றுக்காக.

இன்று எங்கள் லாரி டிப்போவிலிருந்து நான்கு பேரல் கழிவு ஆயில் போயிற்று. நாற்பது டிரெய்லர் லாரிகளில் வடித்த இன்ஜின் ஆயில், கன்னங்கரேலென்று எண்ணூற்று நாற்பது லிட்டர். அதை அனுமதி பெற்ற சுத்திகரிப்புக் கம்பெனிக்கு மட்டும்தான் கொடுக்கலாம், கொடுத்ததற்குப் படிவம் எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். ஸ்டோர்ஸ் என் பொறுப்பு, அதனால் படிவமும் என் தலையில். டிப்போவில் கெமிஸ்ட்ரி படித்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பாவத்துக்கு.

வந்தது ஒரு மினி லாரி. கதவில் பெயர் இல்லை. படிவத்தில் எங்கே போகிறது என்று ஒரு கட்டம் உண்டு. அதில் மேனேஜர் வசந்தகுமார் சொல்லியிருக்கும் கம்பெனியின் பெயரை எழுதினேன். மூன்று வருடமாக அதே பெயர். டிரைவரிடம், "நீங்க அந்தக் கம்பெனிதானே?" என்று கேட்டேன். அவன் மேனேஜர் அறையைப் பார்த்தான். நான் பேனாவைக் கீழே வைத்தேன். எதிர் மேஜையில் மோகன்ராஜ் சார், அக்கவுண்ட்ஸ், ரிட்டயர் ஆக இன்னும் நாலைந்து வருடம் இருக்கும், தலையைத் தூக்காமலே சொன்னார்.

"கையெழுத்துதானேம்மா. போட்டுட்டுப் போயேன்."

போட்டேன்.

ஜூலை 19, சனி

வாரத்தில் இந்த ஒரு நாள்தான் எனக்கு இந்த வீட்டில் மரியாதை.

சனிக்கிழமை மாலை ஃபோர்மேன் சடையப்பன் அண்ணன் ஐந்து லிட்டர் கேனில் கழிவு ஆயில் பிடித்து, என் ஒயர் கூடையில் வைத்து மேலே பழைய துணி போட்டு மூடித் தருவார். மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பாக்கம் வரை வருவேன். ரயிலில் இதெல்லாம் கொண்டு வரக் கூடாதுதான். யார் பார்க்கிறார்கள்?

வாசலில் அத்தை காத்திருப்பார். மற்ற ஆறு நாளும் நான் "இந்தாமே". சனிக்கிழமை மட்டும் "துர்கா வந்துட்டியா, டீ போடட்டா". கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. என் படிப்பும் சம்பளமும் வாங்கித் தராத பெயரை இந்தக் கறுப்பு எண்ணெய் வாங்கித் தந்திருக்கிறது.

கதவு நிலையில் கரையானா, மாட்டுக் கொட்டகைக் காலில் செல்லா, வீடு கட்டுகிறவர்களுக்கு சென்ட்ரிங் பலகைக்குத் தடவ வேண்டுமா, தெருவே என் மாமியார் அங்காளம்மாளிடம்தான் வருகிறது. அத்தை டம்ளரில் அளந்து ஊற்றுவார். பிடிக்காதவர்களை அரை மணி நிற்க வைத்து ஊற்றுவார். ஏற்கெனவே இந்தத் தெருவில் பாதிப் பேர் எங்களை நம்பித்தான் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் போர் போட்டால் உப்புத்தண்ணி. குடிக்க இருக்கிறது எங்கள் கழனி மூலையில் இருக்கும் கிணறு ஒன்றுதான். தண்ணீரும் எங்களுடையது, ஆயிலும் எங்களுடையது. அத்தைக்கு வேறென்ன வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மேனேஜர் சென்னை போயிருந்தார். டீசல் கார்டு தன் மேஜை டிராயரில் இருக்கிறது, எடுத்து டிரைவரிடம் கொடு என்று போன் செய்தார். எடுத்தேன். கார்டுக்குக் கீழே ஒரு ரப்பர் ஸ்டாம்ப், வட்ட சீல். இடவலம் மாறிய எழுத்தை மெல்லப் படித்தேன். நான் மூன்று வருடமாகக் கட்டத்தில் எழுதுகிற அதே சுத்திகரிப்புக் கம்பெனி. "பெற்றுக்கொண்டோம்" என்று.

எண்ணெய் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சியாகப் படிவத்தின் நகல் ஒன்று அந்தக் கம்பெனியின் சீலோடு திரும்பி வரும். வண்டி போன மறுநாளே வந்துவிடும். எவ்வளவு ஒழுங்கான கம்பெனி என்று நான் மெச்சிக்கொண்டதுண்டு. வராமல் என்ன செய்யும்? டிராயரிலிருந்து என் மேஜைக்குப் பதினைந்து அடி.

ஆகஸ்ட் 6, புதன்

சீலைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் இவரிடம்கூட.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து அந்தக் கம்பெனிக்குப் போன் செய்தேன். எடுத்தவர் ஜோசப் என்று ஒருவர், அங்கே சூப்பர்வைசர். எந்த டிப்போ என்று சொன்னதும் சிரித்தார்.

"எங்க வண்டி உங்க கேட்டுக்கு வந்து மூணு வருஷத்துக்கு மேல ஆவுதும்மா. உங்க மேனேஜரு நாங்க குடுக்கற ரேட்டு கட்டலன்னாரு. வேற ஆளுக்குக் குடுக்கறீங்கன்னு நெனச்சேன்."

அந்த வேற ஆள் யார், எண்ணெயை எங்கே கொண்டு போகிறான்? செங்கல் சூளையில் எரிக்கிறார்களா, வடிகட்டிப் புது டப்பாவில் அடைக்கிறார்களா, இல்லை போகிற வழியில் கவிழ்க்கிறார்களா? ஜோசப்புக்கும் தெரியவில்லை. இடம் எங்கே சார் என்று கேட்டேன். இதே கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை எஸ்டேட், எங்கள் டிப்போவிலிருந்து இரண்டு தெரு தள்ளி. நடந்தே போகலாம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஜோசப்பிடம் பேசிய பிறகும் இன்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். இங்கே எழுதி வைக்கிறேன், மறந்து போய் நல்லவளாகிவிடக் கூடாது என்பதற்காக.

செப்டம்பர் 13, சனி

அத்தை இனிமேல் வாரம் இரண்டு கேன் வேண்டும் என்கிறார். எதற்கு என்றேன். "வேல கீது" என்றார். முடியாது என்று சொல்லலாமா என இவரைக் கேட்டேன். இவர், பரணிதரன், என் கணவர், இரும்பு உருக்கும் ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தார். "எதுக்கு பேஜாரு? குடுத்துட்டுப் போ" என்றார். அம்மாவிடம் பேச வேண்டி வரும் எந்த விஷயமும் அவருக்குப் பேஜாரு.

சடையப்பன் அண்ணன் இரண்டு கேன் பிடித்துத் தந்தார்.

அக்டோபர் 1, புதன்

டிப்போவில் ஆயுத பூஜை. ஆயில் பம்புக்கும் சந்தனம் குங்குமம். மேனேஜர் கேட்டில் புதுப் பலகை மாட்டினார். இயற்கையைக் காப்போம். எல்லோரும் கைதட்டினோம். நானும்.

அக்டோபர் 25, சனி

தீபாவளி முடிந்து ஐந்து நாளாக மழை. கழனியில் முழங்கால் தண்ணீர், மடை உடைந்து மூலை வரை வழிந்து நிற்கிறது. காலையில் பக்கத்து வீட்டு ஞானம்மா குடத்தோடு வந்து, அத்தை கண்ணெதிரிலேயே தண்ணீரைக் கீழே கவிழ்த்தாள்.

"மோந்து பாருக்கா. லாரி அடியில போய்ப் படுத்தா மாதிரி நாறுது."

முகர்ந்தேன். எனக்குத் தெரியாத நாற்றமா? நாளெல்லாம் என் புடவையில் இருக்கிற நாற்றம். கழனிக்கு ஓடினேன். கழனியை ஒட்டி ஓடும் கால்வாய்த் தண்ணீர் மேலே நீலமும் ஊதாவுமாய்ப் படலம். கிணற்றில் எட்டிப் பார்த்தால் அங்கேயும்.

அந்த மினி லாரிதான். வேறு என்ன? மழையில் கால்வாயில் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறான். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய எண்ணெய் எங்கள் வீட்டுக் கிணற்றுக்கே வந்துவிட்டது. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அத்தையோ எஸ்டேட் கம்பெனிக்காரர்களை ஒவ்வொருத்தராகத் திட்டிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 27, திங்கள்

மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்துக்குப் பெயர் போடாமல் புகார் எழுதித் தபாலில் போட்டேன். கால்வாய், கிணறு, கும்மிடிப்பூண்டி லாரி டிப்போக்களின் கழிவு ஆயில், பெயரில்லாத மினி லாரி. எல்லாம் எழுதினேன்.

டிராயரில் இருந்த சீலைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் உள்ளே இருப்பவள்தான் எழுதினாள் என்று தெரிந்துவிடும். வேலை போய்விடும். இவ்வளவுதான் என் தைரியம், அஞ்சு ரூபாய் ஸ்டாம்ப் அளவுக்கு.

நவம்பர் 6, வியாழன்

எழுத வேண்டும். ஒன்றும் விடாமல்.

நான் ரயிலுக்குக் கிளம்பும்போது வாசலில் ஜீப் நின்றது. ஒரு பெண் அதிகாரி, கூட இரண்டு பேர், தண்ணீர் பிடிக்க பாட்டில்கள். புகார் வந்த கிணறு எங்களுடையது, காட்டுங்கள் என்றார்கள். உள்ளே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எதுவும் தெரியாதவள் போலக் கூடப் போனேன். அத்தை முன்னால் நடந்தார்.

அந்த அதிகாரி பொறுமையானவர். கால்வாயில் மேலே கொஞ்ச தூரம் நடந்து பார்த்தார். அங்கே தண்ணீர் சுத்தமாக இருந்தது. திரும்பி வந்து எங்கள் வரப்பில் குனிந்து பார்த்தார். படலம் எங்கள் கழனியிலிருந்து கால்வாய்க்கு வந்துகொண்டிருந்தது. கால்வாயிலிருந்து கழனிக்கு இல்லை. அவர் அத்தையைப் பார்த்து, பயிருக்கு என்ன மருந்து அடித்தீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

அத்தை தலையை நிமிர்த்திக்கொண்டார்.

"மருந்து இன்னாத்துக்கு மேடம்? நம்ம ஆயிலு கீது. மணல்ல பெசஞ்சி எறைச்சி உட்டா புகையான் பூச்சி அப்டியே செத்து வுயும். இந்தத் தெருக் கயினி மொத்தத்துக்கும் நாங்கதான் குடுக்கறோம்." என் தோளைத் தொட்டார். "என் மருமவ கம்பெனி ஆயிலு மேடம். பெரிய படிப்பு படிச்சவ. வாரா வாரம் எட்த்துனு வருவா."

ஒன்பது வருடத்தில் முதல் முறையாக, நாலு பேர் முன்னால், என் மருமவ.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் வரப்பைப் பார்த்தேன். அத்தை ஓடிப்போய்க் கொட்டகையிலிருந்து கேன் ஒன்றை எடுத்து வந்து காட்டினார். டிப்போ ஸ்டிக்கர் கிழியாமல் அப்படியே இருந்தது.

அடிப்பாவி, நீ கெமிஸ்ட்ரி படிச்சவளாடி? வாரம் ரெண்டு கேன் எதுக்குன்னு ஒரு தடவ உக்கார வெச்சிக் கேட்டியா? கேக்கல. மூணு வருஷமா எங்க போவுதுன்னு மேனேஜரக் கேக்காதவ, மாமியாரையா கேக்கப்போறா?

மத்தியானம் ஜீப் டிப்போவுக்கு வந்தது, நானும் அதில்தான். ரெஜிஸ்டர் கேட்டார்கள். மேனேஜர் அழகாக அடுக்கிக் கொடுத்தார். ஒரு அடித்தல் இல்லை, ஒரு லிட்டர் பிசகு இல்லை, எல்லாம் என் முத்து முத்தான கையெழுத்து. சடையப்பன் அண்ணனைக் கேட்டார்கள். அவர் என் முகத்தைப் பார்க்காமல், மேடம் வாராவாரம் கேன் எடுத்துப் போவாங்க என்றார். பொய் இல்லையே.

அப்போதுதான் டிராயரில் பார்த்த சீலைப் பற்றிச் சொன்னேன். மேனேஜர் கோபப்படவே இல்லை. தானே டிராயரைத் திறந்து காட்டினார். தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் ஒன்று, டீசல் கார்டு. அவ்வளவுதான். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். விசாரிக்கிறோம் என்றார். குறை சொல்ல முடியாது, அவர் கண்ணால் பார்த்ததைத்தான் எழுத முடியும். அவர் கண்ணால் பார்த்த எண்ணெய் முழுக்க நான் கொண்டு வந்தது.

நவம்பர் 7, வெள்ளி

கம்பெனிப் பொருளை அனுமதியில்லாமல் வெளியே கொண்டு போனதற்காக என்னை நீக்கிக் கடிதம். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அதுதான் எரிகிறது.

நவம்பர் 15, சனி

கிணற்றுக்குப் பஞ்சாயத்து முள்கம்பி போட்டுவிட்டது. தண்ணீர் பரிசோதனையில் தேறவில்லை. குடிக்கவும் கூடாது, மாட்டுக்குக் காட்டவும் கூடாது. காலையில் ஒரு டேங்கர் தண்ணீர் வருகிறது, தெருவே சண்டை போட்டுப் பிடிக்கிறது. நான் குடத்தோடு போனால் பேச்சு நின்றுவிடுகிறது. ஞானம்மா மட்டும் ஒதுங்கி இடம் விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதே எண்ணெயை அவர்களும்தான் வாங்கி இறைத்தார்கள். அதைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறதா? இல்லை.

இன்று சனிக்கிழமை. அத்தை வாசலில் நிற்கவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

கழனியின் மேல் பக்கத்தில் பயிர் கருகிவிட்டது. வைக்கோலைப் பரப்பிப் படலத்தை ஒற்றி எடுக்கிறோம். எடுத்த வைக்கோலை மாட்டுக்கும் போடக் கூடாது, எரிக்கவும் கூடாது, கோணியில் கட்டி வை என்று அதிகாரி சொல்லியிருந்தார். அத்தை குனிந்து கட்டுகிறார். என்னிடம் மட்டுமில்லை, யாரிடமும் பேச்சில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் அத்தையைக் காணோம். பத்து மணிக்குத் தெருமுனையில் பார்த்தேன். தள்ளுவண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு வீடாக நின்று, மிச்சம் வைத்திருக்கிற ஆயிலைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரை அரை மணி நிற்க வைத்தாரோ அவர்கள் வீட்டு வாசலில் இவர் நின்றார். சிலர் உடனே கொண்டு வந்து வைத்தார்கள். ஒருத்தி குடத்தைக் கழுவிய தண்ணீரை அத்தையின் காலடியில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அத்தை நகரவில்லை. கேன் வரும் வரை நின்றார்.

நான் போய் வண்டியின் மறுபக்கத்தைப் பிடித்தேன். கொஞ்ச தூரம் தள்ளிய பிறகு கேட்டார்.

"உனக்குத் தெரியும்தானே, இது வெசம்னு?"

"தெரியும் அத்தை."

"அப்பறம் இன்னாத்துக்கு எட்த்துனு வந்த?"

நீங்க துர்கான்னு கூப்புட்டீங்க, அதுக்குத்தான். சொல்லவில்லை. சொன்னால் பழி அவர் மேல் போகும். பாதிப் பழி அங்கே போக வேண்டியதுதான், இருந்தாலும் இன்று அந்த வாசல்களில் நின்றவரிடம் எனக்குச் சொல்ல மனம் வரவில்லை.

பதினேழு கேன் சேர்ந்தது. சொம்பிலும் தூக்கிலும் வந்ததையும் அதிலேயே ஊற்றினோம்.

நவம்பர் 25, செவ்வாய்

இவர் லீவு போட்டு வந்தார், நான் கேட்காமலே. ஷேர் ஆட்டோ ஒன்றைப் பேசி, கேன்களையும் எண்ணெய் குடித்த வைக்கோல் மூட்டைகளையும் ஏற்றி ஜோசப்பின் கம்பெனிக்குப் போனோம். டிப்போவைத் தாண்டித்தான் போக வேண்டும். இயற்கையைக் காப்போம் பலகையில் மழைக்குப் பாசி பிடித்திருந்தது.

ஜோசப் கேனைக் கேனாகத் திறந்து பார்த்து, தண்ணீர் கலந்ததைத் தனியாக வைத்து, அளந்தார். அறுபத்தெட்டு லிட்டர். வைக்கோலை அவர்கள் எடுப்பதில்லை, அதற்கு வேறு இடம், அங்கே தானே பேசி அனுப்பி வைப்பதாகச் சொன்னார். ரசீது எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் உடனே போடவில்லை. எண்ணெய் எந்தத் தொட்டியில் ஊற்றப்படுகிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து போட்டேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு சீலை எடுத்துக் குத்தினார். அதே வட்டம், அதே எழுத்து. மூன்று வருடத்தில் அது விழுவதை இன்றுதான் நேரில் பார்க்கிறேன்.

ஆயிரக்கணக்கான லிட்டருக்கு என்னிடம் பொய் ரசீது இருந்தது. அறுபத்தெட்டு லிட்டருக்கு ஒரு நிஜ ரசீது.

டிசம்பர் 20, சனி

ஆரம்பாக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் சேர்ந்திருக்கிறேன். டிப்போவைப் பற்றி வாரியத்திலிருந்து இரண்டு முறை விசாரித்தார்கள். தெரிந்ததைச் சொன்னேன். மினி லாரி நம்பர் கேட்டார்கள். நான் குறித்து வைத்ததே இல்லை.

ஜனவரி 14, புதன்

போகி. தெருவில் யார் வீட்டிலும் இந்த வருடம் ஆயில் ஊற்றிக் கொளுத்தவில்லை. திருந்தியதால் இல்லை, ஆயில் இல்லாததால். கிணற்றை மூன்றாவது முறை இறைத்துச் சேறு எடுத்தாயிற்று. இன்னும் தேறவில்லை. தை போகட்டும், மாசியில் மறுபடி பார்க்கலாம் என்கிறார்கள்.

அத்தை இப்போது தினமும் என்னைத் துர்கா என்றுதான் கூப்பிடுகிறார். அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

கடையில் கூட்டம் குறைந்த நேரம், நாலு மணி இருக்கும். மோகன்ராஜ் சார் போன் செய்தார். மூன்று மாதத்தில் முதல் தடவை. நல்லா இருக்கியாம்மா என்று ஆரம்பித்தார். பின்னால் இன்ஜின் ஓடுகிற சத்தம் கேட்டது. என் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லையாம். அதையும் அவர் தலையிலேயே கட்டியிருக்கிறார்கள். குரலைத் தாழ்த்தினார்.

"வண்டி வந்து நிக்கிதும்மா. அதே மினி லாரி. மேனேஜரு பேப்பர எங்கைல குடுத்துட்டாரு. எங்க போவுதுன்னு ஒரு கட்டம் கீதே, அதுல இன்னா எழுதுவ நீ?"

கையெழுத்துதானே சார், போட்டுட்டுப் போங்களேன். இந்த வாக்கியத்தை நான் எத்தனை நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"எங்க போவுதுன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றேன்.

"எனக்கெப்டிம்மா தெரியும்?"

"அப்ப தெரியாதுன்னு எழுதுங்க."

போனை வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு அம்மா சர்க்கரை மாத்திரை கேட்டு வந்தார். எடுத்துக் கொடுத்து, சில்லறையும் கொடுத்தேன். போன் தோளிலேயே இருந்தது.

பிறகு அந்தச் சத்தம் நின்றது. யாரோ வண்டியை ஆஃப் செய்திருக்கிறார்கள்.

"துர்கா," என்றார் மோகன்ராஜ் சார். "நீ கேனெல்லாம் எட்த்துனு போய்க் குடுத்தியாமே, அந்த ஜோசப்பு நம்பரு உங்கிட்ட கீதா?"

சொன்னேன். ஒவ்வொரு எண்ணாக, இரண்டு தடவை.